அறுபத்தொன்று

ஆட்டுக்குட்டிகளை நிறுக்கும் கொக்கித் தராசில்
இன்று என் பைகள் தொங்குகின்றன.
இடது ஒன்பது கிலோ. வலது பதினொன்று.
"இப்படியே போனால் வண்டி
குடித்தவன் மாதிரி வேலியைத் தேடும்" என்றான் எவரிஸ்தோ.
ஒரு கிலோ அடுப்பை வலத்திலிருந்து இடத்துக்கு மாற்றினேன்.
பத்துக்குப் பத்து.

கொய்ஹைக்கேயில் நவம்பர்.
கொட்டகைத் தகரத்தைக் காற்று
விரலால் சுண்டிக்கொண்டே இருந்தது.

பின்சக்கரத்தின் நடுவில் மோட்டார்.
"அது உனக்குத்தான் உதவும், கம்பிகளுக்கு அல்ல.
இழுபடுவது இவைதான்."
முப்பத்தாறையும் புதிதாகக் கோத்தான்,
ஒவ்வொன்றாகச் சுண்டிக் கேட்டான்.
ஒன்று மட்டும் கள்ளக்குரலில் பேசியது.
அதன் காதைத் திருகினான்.
அச்சு தானே சுழன்று கழன்றுவிடாதிருக்க
ஓர் இரும்புக் கையைச் சட்டத்தோடு கட்டினான்.
கம்பி இணையும் இடங்களில் கிரீஸ் தடவினான்,
ரொட்டிக்கு வெண்ணெய் தடவும் பொறுமையோடு.

பேட்டரியை முதலில் பின்கேரியரில் வைத்தது என் யோசனை.
ஆற்றுமேட்டில் ஏற்றிப் பார்த்தேன்.
முன்சக்கரம் குதிரைபோல் எழுந்து நின்றது.
காட்டுரோஜாப் புதரிலிருந்து என்னை எடுக்க
அவன் கையுறை போட்டுக்கொண்டு வந்தான்.
பிறகு அது சட்டத்தின் முக்கோணத்துக்குள்,
என் முழங்கால்களுக்கு நடுவே போனது.
இரண்டாவது பேட்டரி முன்பக்கப் பையில்,
குளிர் தாக்காமல் என் கம்பளிச் சட்டைக்குள்.
இரவில் அந்தச் சட்டை யாருக்கு
என்பதை அப்புறம் பார்க்கலாம்.

பைனாகுலர் வேண்டாம். இரண்டாவது செருப்பு வேண்டாம்.
ஜாடிக் காப்பித்தூள் மனமில்லாமல் வேண்டாம்.
நாற்பத்தேழு வயது முழங்காலை மட்டும்
கழற்றி வைக்க முடியவில்லை.
அதற்காகத்தானே மற்ற எல்லாமும்.

அட்டையின் பின்புறத்தில் கணக்கு போட்டோம்.
இரண்டு பேட்டரியும் சேர்ந்து ஆயிரம் வாட்-மணி.
கிலோமீட்டருக்கு இருபது என்றால் ஐம்பது கிலோமீட்டர்.
"காற்று எதிரே வந்தால்?"
எவரிஸ்தோ பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு
மாத்தேக்குக் கொதிநீர் ஊற்றப் போனான்.

காற்று எதிரே வந்தது.
மூன்றாம் நாள்.
சரளைச் சாலை. இருபத்தேழாவது கிலோமீட்டரில்
ஒரு பேட்டரி செத்தது, மற்றதில் பன்னிரண்டு சதவீதம்.
ஏற்றமென்றால் கண்ணுக்குத் தெரியும், மனசு தயாராகும்.
இது சமதரையில் கிடந்த ஏற்றம்.

தோன்யா ஒதீலியாவின் வீட்டுக்கு
ஓடையில் சுழலும் ஒரு சின்ன டர்பைனிலிருந்துதான் மின்சாரம்.
சமையலறையில் ஒரே ஒரு பிளக்.
நான் சார்ஜரை நீட்டினேன்.
அவள் ஒன்றும் சொல்லாமல்
உறைபெட்டியின் பிளக்கைப் பிடுங்கினாள்.

சத்தம் நின்ற பிறகுதான் தெரிந்தது
அதுவரை அது முனகிக்கொண்டிருந்தது என்று.
"உள்ளே என்ன இருக்கிறது?"
"பாதி ஆடு."

சார்ஜரின் சிவப்பு விளக்கை நான் பார்த்தேன்.
உறைபெட்டியின் கதவடியை நான் பார்க்காமல் இருந்தேன்.
வண்டி என்ன எடை என்றாள், சொன்னேன்.
கன்றுக்குட்டியா, கிழட்டு ஆடா என்று
அவளுக்குள் ஏதோ ஒப்பிட்டுத் தலையாட்டினாள்.
இருபத்தைந்து. நாற்பது.
கதவடியிலிருந்து மெல்லிய நீர்க்கோடு ஒன்று
தரைப்பலகையின் இடுக்கைத் தேடிப் புறப்பட்டது.
ஐம்பத்தெட்டு.
அறுபத்தொன்றில் பிடுங்கினேன்.

"போதுமா?"
"போதும்."
அடுத்த ஊருக்கு எண்பதாவது வேண்டும்.
அவளுக்கும் தெரிந்திருக்கும்.
உறைபெட்டி தொண்டையைச் செருமிக்கொண்டு
விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது.

கிளம்பும்போது செய்தித்தாளில் சுற்றிய ஒரு தொடையைக்
கொண்டுவந்து நீட்டினாள்.
"இளகிப்போச்சு, இன்றைக்கே சமைத்துவிடு."
மறுக்க வாய் திறந்தேன்.
அவள் அதற்குள் கயிறு தேடிக்கொண்டிருந்தாள்.
இரண்டு கிலோ இருக்கும்.
கட்ட இடம் இடப்பக்கம்தான் இருந்தது.

ஊருக்கு நான்கு கிலோமீட்டர் முன்னால்
மோட்டார் பேச்சை நிறுத்தியது.
இறங்கித் தள்ளினேன்.
முழங்கால் தன் பங்குக்குப் பேசியது.
வண்டி இடப்பக்கம் சாய்ந்து சாய்ந்து
வழியெல்லாம் வேலியைத் தேடிற்று.

எவரிஸ்தோவுக்கு அனுப்பிய செய்தியில்
கம்பிகள் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் எழுதினேன்.